நானும் மாமாவும் மசித்த பழங்கள்

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்த அதே வாரத்தில் என் மனைவிக்கு பிரசவ லீவும் முடிந்தது. அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. வீடு இராஜபாளையத்தில். நான் இங்கேயே ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். மதியத்துக்கு மேல்தான் என் ஷிப்ட். என் அம்மா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மாமியார் மூத்த மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மிச்சம் இருந்தவர் மாமனார்தான்.

மாமா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கு எதுக்கு இம்புட்டு யோசனை? ஒரு பஸ் ஏறுனா வந்துட்டேன்" என்றார். அதன்பிறகு தினமும் காலையில் மகள் இங்கிருந்து அங்கே பஸ் ஏறினாள், அப்பா அங்கிருந்து இங்கே பஸ் ஏறினார். நான் வேலைக்குக் கிளம்பும்வரை வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் போன பிறகு மனைவி திரும்பும்வரை தாத்தாவும் பேத்தியும்.

ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து நானும் மாமாவும் பேசிக்கொண்டதெல்லாம் "வாங்க மாமா", "நல்லாருக்கீங்களா மாப்ள" என்ற இரண்டு வாக்கியங்கள்தான். அவரைக் கண்டால் நான் மடித்துக் கட்டிய கைலியை அவிழ்த்துவிடுவேன். என்னைக் கண்டால் அவர் சாய்ந்திருக்கும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே சமையலறையில், கணுக்கால்வரை கைலியைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஈரத் தரையில் வழுக்கி வழுக்கி நடந்தோம். யார் முதலில் கைலியை மடிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஆறு மாதம் முடிந்ததும் குழந்தைகள் டாக்டரிடம் போனோம். மனைவிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. டாக்டரம்மா குழந்தையை உட்காரவைத்துப் பார்த்தார், தலை நிற்கிறதா என்று பார்த்தார், "இனி தாய்ப்பாலோட சேர்த்து மத்த சாப்பாடும் கொடுக்கலாம்" என்றார்.

"யார் ஊட்டப் போறது?"

நானும் மாமாவும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினோம். டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்தார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வாழைப்பழம் என்றால் நன்றாகக் கனிந்ததாக இருக்க வேண்டும், கட்டியில்லாமல் மசிக்க வேண்டும். ஆப்பிளைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. தோலும் விதையும் எடுத்து, ஆவியில் வேகவைத்து மசிக்க வேண்டும். ஒரு புதுப் பழம் கொடுத்தால் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. படுக்கவைத்து ஊட்டக்கூடாது. திராட்சை போல உருண்டையாக, வழுக்கிக்கொண்டு போகிற எதையும் முழுசாகக் கொடுக்கக்கூடாது. வளர்ந்த பிள்ளைக்கே நீளவாக்கில் நாலாக நறுக்கித்தான் தர வேண்டும். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் கூடவே கூடாது.

மாமா தொண்டையைச் செருமினார். "பால்கோவா?"

"சர்க்கரை வேண்டாம்னு இப்பத்தானே சொன்னேன்?"

"ச்சும்மா நாக்குல ஒரு தொட்டு…"

"தொட்டும் வேண்டாம்."

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது மாமா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்தம்மா வெளியூர்போல, மாப்ள."

மறுநாள் அவர் வரும்போது மஞ்சள் பையில் நான்கு வகை வாழைப்பழம் இருந்தது. நாட்டுப்பழம், கற்பூரவல்லி, மலைப்பழம், பூவன். எது பிள்ளைக்குப் பிடிக்கும் என்று தெரியாதே, அதனால் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு என்றார். ஒரு வகையைத்தான் கொடுக்கலாம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். வெகுநேரம் யோசித்து மலைப்பழத்தை எடுத்தார். எடுத்தவர் அதைக் குழாயடியில் பிடித்து, பாத்திரம் விளக்கும் சோப்பைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். நுரை பொங்கியது.

என் மனைவி வாட்ஸப்பில் எங்களுக்கென்று குரல் பதிவுகளாக அனுப்பி வைத்திருந்தாள். ஒன்றைத் தட்டினேன். "பழத்தை ஓடுற தண்ணில கழுவுனா போதும். சோப்பு போடக்கூடாது. தோலை உரிக்கிற பழம்தானேன்னு கழுவாம விட்டுறாதீங்க. தோல்ல இருக்க அழுக்கு கத்தி வழியா, கை வழியா உள்ள போயிரும்" என்று அவள் குரல் கேட்டது. மாமா நுரையோடு இருந்த பழத்தைப் பார்த்தார். அதைத் தன் பங்காக ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொரு மலைப்பழத்தை எடுத்தார்.

அடுத்த பிரச்சினை அவருடைய விரல். எத்தனையோ வருடம் டிக்கெட் கிழித்த கை. எதைத் தொடும் முன்பும் கட்டைவிரல் தானாக நாக்குக்குப் போய் ஈரத்தைத் தொட்டுவிட்டு வரும். பழத்தோலை உரிக்கும் முன்பும் போனது. கிண்ணத்தை எடுக்கும் முன்பும் போனது. கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, கழுவிய விரலையே நக்கினார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமனாரிடம் போய் எச்சில் தொடாதீர்கள் என்று எந்த மருமகன் சொல்லுவான்? பால்கனிக்குப் போய் மனைவிக்கு மெசேஜ் அனுப்பினேன். செத்த நேரத்தில் பதில் வந்தது. ஒன்றும் தெரியாதவன்போல சமையலறையில் வந்து ஒலிக்கவிட்டேன்.

"அப்பா, நீங்க எச்சி தொட்டுத் தொட்டு பழத்தை உரிக்கக்கூடாது. கட்டைவிரல்ல வளத்து வச்சிருக்க அந்த நகத்தையும் இன்னைக்கே வெட்டிருங்க. பிள்ளை வாய்க்குப் போற கை."

மாமா அப்படியே நின்றார். பிறகு விட்டத்தைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்தார்.

"காமிரா எதும் வச்சிருக்கீகளா மாப்ள?"

"இல்ல மாமா."

"பொறவு எப்படி இவளுக்குத் தெரியுது? அவ ஆத்தாளும் இப்படித்தான்."

நகத்தை அன்றே வெட்டினார். வெட்டிய துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட்டைப் புள்ளிக்கோட்டில் பிசிறில்லாமல் கிழிக்க ரிட்டயர் ஆகும் வரைக்கும் உதவிய நகம் அது.

ஒருவழியாக மலைப்பழத்தை மசித்தோம். கரண்டியையும் கிண்ணத்தையும் கொதிநீரில் போட்டு எடுத்தோம். குழந்தையை என் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தேன். மாமா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து, "ஏறு ஏறு, உள்ள எடம் இருக்கு" என்றபடி நீட்டினார். குழந்தை வாயைத் திறந்தது. பழம் உள்ளே போனது. முகத்தைச் சுளித்தது. நாக்கால் அத்தனையையும் வெளியே தள்ளியது. வெளியே வந்தது உள்ளே போனதைவிட அதிகமாக இருந்ததுபோலத் தோன்றியது.

"எறங்கிட்டாக எல்லாரும்" என்றார் மாமா.

முதல்முறையாக அவர் முன்னால் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அன்று மதியம் பார்த்தபோது இரண்டு பேர் கைலியும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது. எப்போது மடித்தோம் என்று நினைவில்லை.

இரண்டு வாரம் போல எல்லாம் ஒழுங்காக நடந்தது. குழந்தை விழுங்கப் பழகிவிட்டது. வேகவைத்த ஆப்பிள் பிடித்தது. சப்போட்டாவைத் தலைமுடியில் பூசிக்கொள்ளப் பிடித்தது. பிறகு ஒரு நாள் நாட்டுப்பழத்தை மசிக்கும்போது எங்கள் பேச்சு சுவாரசியத்தில் ஒரு சிறு கட்டி தப்பிவிட்டது. நான்காவது வாயில் குழந்தை "ஓக்" என்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. முகம் சிவந்தது. இன்னொரு முறை "ஓக்" என்று இருமியது.

நான் கரண்டியோடு உறைந்துபோனேன். மாமா முதலில் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். அது இன்னும் பலமாக இருமியது. அடுத்த நொடி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். செருப்பு போடவில்லை. சட்டை போடவில்லை. கைலியை மடித்த கட்டோடு, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டு போனார். நான் பின்னால் ஓடினேன். என் கையில் கரண்டி இருந்தது எனக்கே ஆட்டோ ஸ்டாண்டு போன பிறகுதான் தெரிந்தது. ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்துப் பதறி, "யாருக்கு என்னாச்சு?" என்றார். மாமா குழந்தையைக் காட்டினார். தோளில் கிடந்த குழந்தை, ஆட்டோவின் சிவப்பு ரெக்சினைப் பார்த்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தது.

இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அப்போது இல்லை. அங்கிருந்த நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குழந்தையின் வாயைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார்.

"இருமுச்சா? சத்தம் வந்துச்சா?"

"ஊரே கேட்டுச்சு" என்றார் மாமா.

"சத்தம் வந்தா மூச்சு போகுதுன்னு அர்த்தம். அதுவே வெளிய தள்ளப் பாக்குது. அப்ப நீங்க பக்கத்துல இருந்து பாத்தா போதும். சத்தமே வராம, அழ முடியாம, உதடு நீலமாச்சுன்னாதான் ஆபத்து. வாய்க்குள்ள விரலை மட்டும் விட்டுறாதீங்க. இருக்க கட்டியை நீங்களே உள்ள தள்ளி விட்டுருவீங்க."

மாமா தன் விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

நர்ஸ் ஒரு ரப்பர் பொம்மையைக் கொண்டுவந்தார். அப்படி உண்மையிலேயே அடைத்துக்கொண்டால் ஒருவர் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட, இன்னொருவர் குழந்தையை முன்கையில் குப்புறச் சாய்த்து, தலை தாழ்ந்திருக்க, தாடையைப் பிடித்துக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் எப்படித் தட்ட வேண்டும், போகாவிட்டால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் எப்படி அழுத்த வேண்டும் என்று செய்து காட்டினார். எங்களையும் செய்யச் சொன்னார். மாமா தட்டிய முதல் தட்டில் பொம்மையின் தலை கழன்று பெஞ்சுக்கு அடியில் போனது. "இம்புட்டு வேகம் வேண்டாம் தாத்தா" என்றார் நர்ஸ். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் ஒரு தலையணையை வைத்துப் பழகினோம். சாயங்காலம் மனைவி வந்து பார்த்தபோது, அவளுடைய அப்பா ஒரு தலையணையைக் குப்புறப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். "இது எதுக்கு அழுதுச்சாம்?" என்று கேட்டாள்.

கோடை வந்தது. எங்கள் ஊருக்கே பேர்போன சப்பட்டை மாம்பழம் வந்தது. இராஜபாளையத்தில் பிறந்த பிள்ளைக்கு மாம்பழம் கொடுக்க யாரும் தடை சொல்ல முடியாது என்பதில் மாமா உறுதியாக இருந்தார். டாக்டரம்மாவும் சரி என்றுவிட்டார். கடையில் மருந்து வைத்துப் பழுக்கவைத்திருப்பார்கள் என்று பயந்து, மாமா மலையடிவாரத்தில் தெரிந்தவர் தோப்புக்கே போய்க் காயாக வாங்கி வந்து தன் வீட்டில் வைக்கோலில் பழுக்கவைத்தார். காம்பிலிருந்து வழியும் பால் பிள்ளை வாயில் பட்டால் புண்ணாகும் என்று காம்புப் பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாகவே சீவி, தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினார். நார்தான் தொல்லை கொடுத்தது. வடிகட்டியில் தேய்த்தால் அடைத்துக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு என் தொழில் கைகொடுத்தது. கம்பெனியில் சொல்லிவிட்டு ஒரு பாக்கெட் காஸ் துணி கொண்டுவந்தேன். காயத்துக்குக் கட்டுவதற்காக வெளுத்துச் சுத்தம் செய்து பாக்கெட்டில் அடைத்த துணி. அதை மறுபடியும் கொதிநீரில் போட்டு எடுத்து, மாம்பழக் கூழை அதில் ஊற்றி நான் ஒரு முனையையும் மாமா ஒரு முனையையும் பிடித்து முறுக்கினோம். நார் துணியில் தங்கியது. கூழ் கிண்ணத்தில் இறங்கியது. குழந்தை கிண்ணத்தை முடித்துவிட்டு மாமாவின் முழங்கையில் வழிந்ததை நக்கப் பார்த்தது. துவைத்துக் கொடியில் காயப்போட்ட துணியில் மஞ்சள் கறை போகவில்லை. எதிர்வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்குப் புண், சீழ் கோர்த்திருக்கிறதா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

வைகாசியில் காதுகுத்து வைத்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன மண்டபம். மாமியார் திருப்பூரிலிருந்து வந்திருந்தார். கான்சாபுரத்திலிருந்து மாமாவின் அக்காவும் வந்திருந்தார். அவர் மாமாவைவிடப் பெரியவர், சத்தத்திலும் பெரியவர். ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்.

ஆசாரி ஒரு காதைக் குத்தினார். குழந்தை வீல் என்று கத்தியது. கத்திய கத்தலில் வாய் அகலத் திறந்தபடி மூடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவின் அக்கா, அழுகையை நிறுத்த, சீர்த்தட்டில் இருந்த கருப்புத் திராட்சையில் ஒன்றைக் கிள்ளி எடுத்து அந்தத் திறந்த வாய்க்குக் கொண்டுபோனார்.

"நிப்பாட்டு!"

பஸ் கூட்டத்தைத் தாண்டி டிரைவர் காதுக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை. மண்டபம் நின்றது. மேளக்காரர் கை தவிலுக்கு மேலே அப்படியே நின்றது. ஆசாரி ஊசியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு சிலையானார். சமையல்கட்டிலிருந்து ஒருவர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். கரண்டுதான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாராம். குழந்தைகூட ஆச்சரியத்தில் அழுகையை நிறுத்திவிட்டது.

ஃபேன் சுற்றி ஓய்ந்த அந்த அமைதியில் மாமா நடந்து வந்து அக்காவின் கையிலிருந்த திராட்சையை வாங்கினார். "அக்கா, இதை முழுசா குடுக்கக்கூடாது. அழுதுட்டு இருக்க பிள்ளைக்கு எதையுமே குடுக்கக்கூடாது. இழுத்து மூச்சு விடும்போது வழுக்கிட்டு நேரா மூச்சுக்குழல்ல போய் உக்காந்துக்கிடும்."

"ஏலே" என்றார் அக்கா. "உனக்கு மூக்குச் சளி சிந்தி விட்டவ நானு. எனக்கு நீ புள்ள வளக்கச் சொல்லித் தாரியா? இத்தன பேருக்கு முன்னால?"

"அதுக்கில்லக்கா…"

"நான் என்ன வெசத்தையா குடுத்தேன்?"

"திராட்சையாக்கும் குடுத்தீக. அதான் சொல்லுதேன்."

அக்கா எழுந்தார். பையை எடுத்தார். சாப்பிடாமல் படியிறங்கிப் போய்விட்டார். மாமா பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரைக்கும் போனார். அக்காவின் ஊர்ப்பக்கம் போகும் வத்திராயிருப்பு பஸ் வந்தது, அக்கா ஏறிக்கொண்டார். தம்பியைத் திரும்பியும் பார்க்கவில்லையாம். இங்கே மண்டபத்தில் ஆசாரி என்னைப் பார்த்து, "இன்னொரு காது இருக்கே. குத்தவா, இல்ல ஒண்ணு போதுமா?" என்று கேட்டார்.

அதன்பிறகு ஒரு வாரம் மாமா சரியாகப் பேசவில்லை. ஆப்பிளை வேகவைத்து மசிப்பார், ஊட்டுவார், "ஏறு ஏறு" இல்லை. ஒருநாள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் சொன்னது சரிதான் மாப்ள. ஆனா மெதுவாச் சொல்லிருக்கலாம். அக்கா பயந்துட்டாக. எனக்கு மெதுவாப் பேசுற பழக்கமே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் கான்சாபுரம் போனோம். அக்கா வாசலுக்கு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். என் மனைவியைக் கட்டிக்கொண்டார். என்னிடம், "வாங்க மாப்ள, வெயில்ல வந்திருக்கீக, மோர் குடிங்க" என்றார். மாமாவை மட்டும் பார்க்கவில்லை. "இவன யாரு வரச் சொன்னா?" என்று சுவரிடம் கேட்டார். மாமா முற்றத்தில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கொல்லையில் பப்பாளி மரத்தில் ஒன்று நன்றாகப் பழுத்திருந்தது. அக்கா அதைப் பறித்து வரச்செய்தார். என் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டது மெதுவாக. செய்ததைச் சொன்னது முற்றத்துக்குக் கேட்கும்படி.

"ஏலே! கை கழுவியாச்சு, முழங்கை வரைக்கும். வந்து பாக்கணும்னா பாரு!"

"சரிக்கா" என்றது முற்றம்.

"பழத்தை ஓடுற தண்ணில கழுவியாச்சு! தோல் எடுத்தாச்சு! விதை ஒண்ணு கெடயாது! கரண்டியக் கொதிக்க வச்சாச்சு!"

"சரிக்கா."

"பிள்ள நிமிந்து உக்காந்திருக்கு! அழல! சிரிக்குது! இப்பக் குடுக்கலாமா, இல்ல அதுக்கும் தனியா உங்கிட்டக் கையெழுத்து வாங்கணுமா?"

மாமா எழுந்து வாசல் நிலையில் வந்து நின்றார். அக்கா ஊட்டினார். குழந்தை வாய் முழுக்க வாங்கி, யோசித்து, அத்தனையையும் அக்காவின் சேலையில் துப்பியது. இரண்டாவது கரண்டிக்கு வாயைத் திறந்து விழுங்கியது. மூன்றாவதுக்குக் கரண்டியைக் கையோடு பிடித்து இழுத்தது. அக்கா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். "தின்னுதுலே" என்றார். மிச்சப் பழத்தைத் தட்டில் நறுக்கி அவர் பக்கம் நகர்த்தினார்.

மத்தியானம் கோழிக்குழம்பு சாப்பிட்டோம். கிளம்பும்போது அக்கா கொல்லைப்பக்கம் கையைக் காட்டி, "அடுத்தாப்ல கொய்யா பழுக்கும். அது குடுக்கலாமா பிள்ளைக்கு?" என்று கேட்டார்.

"விதையச் சுத்தமா எடுத்துட்டு, வேகவச்சு மசிச்சா குடுக்கலாம்" என்றேன் நான்.

"இப்ப வேண்டாம்க்கா, இன்னும் செத்த நாள் போகட்டும்" என்றார் மாமா அதே நேரத்தில்.

பஸ்ஸில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம். காஸ் துணியில் வடிகட்டினால் கொய்யா விதை தங்கிவிடும் என்றேன். அந்த விதை எந்தத் துணிக்கும் அடங்காது என்றார் அவர். இரண்டு பேருடைய சத்தமும் கூடிக்கொண்டே போனது. முன் சீட்டிலிருந்து கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். ஜன்னலோரத்தில் என் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, முந்தானையால் அதன் காதையும் தன் காதையும் சேர்த்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டாள்.